பழசாகிப்போன பலசரக்கை என்ன செய்வது? சாரல் ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வருஷம் தவறாமல் ஒரு தப்பு செய்வார்கள். பழைய ஊரில் வாங்கிய கணக்கிலேயே மூன்று மாதப் பலசரக்கை மொத்தமாக வாங்கி அடுக்கிவிடுவார்கள். ஜூன் பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வரத் தொடங்கும். மழை கேரளத்துப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சத்தை இங்கே சாரலாகத் தூவும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது சீசன். அடுப்படியில் நிற்பவர்களுக்கோ உப்பு தண்ணீர் விடுகிற, வெல்லம் கசிகிற, முறுக்கு நமத்துப்போகிற மூன்று மாதம்.

நான் கோவில்பட்டியில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். கரிசல் காட்டு வெயிலில் வளர்ந்தவளுக்கு ஈரம் என்றால் என்னவென்றே தெரியாது. கல்யாணமான வருஷம் பத்துக் கிலோ துவரம்பருப்பை மூட்டையோடு அரங்கில், அதாவது சாமான் வைக்கும் உள்ளறையில் வைத்துவிட்டு, ஆவணியில் திறந்து பார்த்து அழுதிருக்கிறேன். அன்றைக்கு அத்தை சுளவை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, எதைப் புடைக்க வேண்டும், எதை வறுக்க வேண்டும், எதைக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும் என்று பிரித்துக் காட்டினார்கள். சுளவு என்றால் முறம்தான், இந்தப் பக்கத்துப் பேச்சில். அத்தை சொன்னதையும் பிறகு நானே பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

மழை விட்ட ஒரு நாள் மத்தியானமாகப் பார்த்து டப்பா, சம்படம், பாக்கெட், அஞ்சறைப் பெட்டி எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து பரப்புங்கள். அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு தரம் பிரிக்க முடியாது. பின்வரிசையில் இருப்பதுதான் எப்போதும் பழசு. கையில் ஒரு சுளவு, ஒரு சல்லடை, கொஞ்சம் பழைய செய்தித்தாள் இருந்தால் போதும்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அது என்ன தேதி என்று தெரிந்து பாருங்கள். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றிருந்தால் அதுவரை மணமும் ருசியும் குறையாமல் இருக்கும் என்று தயாரித்தவர் சொல்கிறார். அந்தத் தேதி தாண்டிய மறுநாளே பருப்பு விஷமாகிவிடாது. ‘யூஸ் பை’, ‘எக்ஸ்பைரி’ என்றிருந்தால் அது வேறு, அதற்குப் பிறகு வாயில் வைக்கக் கூடாது. ஆனால் சாரல் தேதி பார்த்து வருவதில்லை. ஒரு வருஷம் தவணை இருக்கிற மாவு, பிரித்து வைத்தால் ஒரே மாதத்தில் கெடும். அதனால் கடைசித் தீர்ப்பு மூக்கிடம்தான்.

மூக்குக்கு மூன்று வாடை தெரிந்தால் போதும். ஒன்று காறல். எண்ணெயும் எண்ணெய்ச் சத்துள்ள பொருளும் காற்றுப் பட்டுக் கெடும்போது வருவது. சிக்கு வாடை என்றும் சொல்வார்கள். பக்கத்து வீட்டுச் சேச்சி புனலூர்க்காரி, அவர் அதைக் ‘கனச்ச மணம்’ என்பார். இரண்டாவது மக்கல், ஈரச் சாக்கில் வருமே அந்த வாடை. மூன்றாவது, எந்த வாடையும் இல்லாமல் போவது. மல்லித்தூளைத் திறந்தால் மரத்தூள் மாதிரி இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு முகருங்கள். ஒளிந்திருக்கிற காறல் உடனே வெளியே வரும்.

மணம் போனது பெரும்பாலும் அடுப்புக்கே திரும்பலாம். வண்டு விழுந்ததைப் புடைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். காறினது சாப்பாட்டுக்கு ஆகாது, வேறு வேலைக்கு ஆகும். பூஞ்சை பிடித்தது எதற்குமே ஆகாது.

பூஞ்சையோடு சமரசம் வேண்டாம்

இதில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். நிலக்கடலை, கொப்பரை, வற்றல் மிளகாய், மக்காச்சோளம் இந்த நாலிலும் பச்சையாகவோ மஞ்சளாகவோ கறுப்பாகவோ பூஞ்சை கண்டால் மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள். ‘மேலாகத்தானே இருக்கு, துடைச்சுட்டு வறுத்துரலாம்’ என்கிற யோசனையே வேண்டாம். இவற்றில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாகப் போவதில்லை. நாளாக நாளாக ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப்போனால் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்குத் தீவனம். இந்த நஞ்சை உலகம் கண்டுபிடித்ததே அப்படித்தான்.

எனவே ‘நமக்கு ஆகாது, கோழிக்குப் போட்டுரலாம்’ என்பதும் தப்பு. மாட்டுக்கு வைத்தால் அந்த நஞ்சு வடிவம் மாறிப் பாலில் இறங்கி நம் வீட்டு டம்ளருக்கே வந்துவிடும். காகிதத்தில் பொதிந்து, காக்காயும் அணிலும் கிளறாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். புதைக்க இடமில்லையென்றால் இறுகக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். டப்பாவை வெந்நீரில் கழுவி நல்ல வெயிலில் ஒரு நாள் கவிழ்த்து வையுங்கள்.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வைகாசியில், லேசாக மக்கல் அடித்த போன வருஷத்து மிளகாய்த்தூளை ‘எண்ணெயும் உப்பும் சேர்ந்தா சரியாயிரும்’ என்று ஐந்து கிலோ மாங்காய் ஊறுகாயில் கலந்துவிட்டேன். பத்தாம் நாள் ஜாடியின் கழுத்தில் சாம்பல் நிறத்தில் வளையம். இருநூறு கிராம் தூளைக் காப்பாற்றப் போய் ஐந்து கிலோ மாங்காய் போனது.

வண்டு விழுந்த அரிசியும் நூல் கட்டின ரவையும்

அரிசி பழசானால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. பழைய அரிசிதான் பொலபொலவென்று வேகும், தண்ணீர் கூடக் குடிக்கும், உலையிலும் கூடக் காணும். புது அரிசி குழையும். தவிடு ஒட்டிய கைக்குத்தல் அரிசியும் சிவப்பரிசியும் மட்டும் விதிவிலக்கு. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறும், அவற்றை நாள்பட வைக்காதீர்கள்.

வண்டு விழுந்தால் பதற வேண்டாம். செய்தித்தாளில் பரப்பி நிழலில் காற்றாட விடுங்கள், பாதி வண்டு தானாக ஊர்ந்து போய்விடும். உச்சி வெயிலில் காயப்போட்டால் அரிசி வெடித்து நொய்யாகும். பிறகு புடைத்து, நாலு தண்ணீரில் களைந்தால் ஓட்டை அரிசி மேலே மிதக்கும், அதை வடித்துவிடுங்கள். கைப்பிடி எடுத்தால் பாதிக்குப் பாதி ஓட்டையாக இருக்கிறது, மாவு உதிர்கிறது என்றால் சோற்றுக்கு வேண்டாம், கோழிக்குப் போடுங்கள். பூஞ்சைதான் கோழிக்கு ஆகாது, வண்டு அதற்கு விருந்து.

ரவை, சேமியா, மாவு வகைகளில் வண்டைவிட அந்துப்பூச்சிதான் தொந்தரவு. ரவை கட்டி கட்டியாக நூலில் கோத்த மாதிரி தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. அதைச் சலித்து உப்புமா கிண்டுகிறவர்களும் உண்டு, எனக்கு மனசு வராது. உரக்குழிக்குத்தான். பூச்சி வராமல் காக்க இரண்டு வழி. வாங்கியதும் வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்து மூடுவது ஒன்று. ஃப்ரீசரில் நாலு நாள் வைத்து எடுப்பது இன்னொன்று, முட்டையும் சேர்ந்து செத்துவிடும். வெளியே எடுத்ததும் பாக்கெட்டைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே வேர்த்துவிடும்.

அரிசி மூட்டைக்குள் மாத்திரை போடும் பழக்கத்தை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். குடோன்களில் வைக்கிற அந்த மாத்திரை காற்றிலுள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை விடும். ஆள் படுத்துறங்கும் வீட்டில் உயிருக்கே ஆபத்து. நாலு வற்றல் மிளகாயும் வேப்பிலையும் போட்டு, அவற்றால் தீராத வண்டைச் சுளவால் தீர்த்துக்கொள்ளலாம்.

வேகாத பருப்பு

சாரல் ஊரில் அதிகம் கேட்கிற புலம்பல் இதுதான்: ‘எட்டு விசில் வச்சேன், பருப்பு கல்லு மாதிரி நிக்குது.’ சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்ட பருப்பின் உள்சுவர் இறுகிப்போகிறது, தண்ணீர் உள்ளே போனாலும் கரைய மாட்டேன் என்கிறது. போர் தண்ணீர் சுண்ணாம்புச் சத்துள்ள கடினத் தண்ணீராக இருந்தால் இன்னும் மோசம். இந்தப் பருப்பைத் தூரப் போட வேண்டாம், கையாளும் விதத்தை மாற்றுங்கள்.

குழம்புக்கே வேண்டுமென்றால், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். கொண்டைக்கடலை, மொச்சை மாதிரி முரடு என்றால் வேகவைக்கும்போது சிட்டிகை ஆப்பசோடா. கூடப் போட்டால் சோப்பு ருசி வரும், சத்தும் போகும். புளி, தக்காளி எல்லாம் பருப்பு மலர்ந்த பிறகுதான். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் நல்ல பருப்புகூட அடம்பிடிக்கும்.

ஆனால் என் யோசனை வேறு. வேகாத பருப்பை வேகவைத்துக் கஷ்டப்படுவானேன்? அரைத்துவிடுங்கள். மில்லுக்கும் மிக்ஸிக்கும் பழசு புதுசு தெரியாது. பழைய துவரம்பருப்பு, கடலைப்பருப்பை வாசம் வர வறுத்து, வற்றல், பூண்டு, உப்பு, காயம் சேர்த்துப் பொடித்தால் பருப்புப் பொடி. மிச்சம் மீதி எல்லாவற்றையும் அரிசியோடு ஊறவைத்துக் கரகரப்பாக ஆட்டினால் அடை. எந்தப் பருப்பு எத்தனை என்று அடைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. உளுந்து பழசானால் இட்லி மாவு பொங்காது. அதை வறுத்து இட்லிப் பொடிக்கு விடுங்கள். தொலி உளுந்தாக இருந்தால் அரிசியோடு ஊறவைத்து, தேங்காய், பூண்டு, வெந்தயம் போட்டு உளுந்தஞ்சோறு பொங்கி, எள்ளுத் துவையல் அரைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி வீடுகளில் இது தெரியாத ஆள் கிடையாது, வேற்றூரில் இருந்து வந்தவர்கள் ஒரு தடவை சாப்பிட்டால் விடமாட்டார்கள்.

பச்சைப் பயறும் வெந்தயமும் கிலோக் கணக்கில் தேங்கிவிட்டதா? சீயக்காயோடு சேர்த்து அரைக்கக் கொடுங்கள். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பயறு, நூறு கிராம் வெந்தயம், காய்ந்த எலுமிச்சைத் தோல், கிடைத்தால் ஆவாரம்பூ. எல்லாம் சலசலவென்று சத்தம் கேட்கிற அளவு காய்ந்திருக்க வேண்டும். சீயக்காய்க்குத் தனிக் கல் வைத்திருக்கும் மில்லாகப் பார்த்துப் போங்கள். மிளகாய் அரைத்த கல்லில் அரைத்துவிட்டுத் தலையில் தேய்த்தால் எரிச்சலில் நாலு நாளைக்கு மறக்க முடியாது.

முழுப் பயறுகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது: மண்ணில் போடுவது. உடைத்த பருப்பு முளைக்காது. தோலோடு இருக்கும் பச்சைப் பயறு, தட்டாம்பயறு, முழு உளுந்து, கொள்ளு, கூடவே கடுகு, எள், மல்லி எல்லாம் முளைக்கும். முதலில் சோதனை. இருபது விதையை ஈரத்துணியில் சுருட்டி மூன்று நாள் வையுங்கள். பாதிக்கு மேல் முளை விட்டால் எல்லாவற்றையும் கலந்து கொல்லையிலோ காலித் தொட்டியிலோ நெருக்கமாகத் தூவுங்கள். மல்லியை மட்டும் செருப்படியில் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் பூ எடுக்கும் சமயம் அப்படியே மடக்கி மண்ணுக்குள் கொத்திவிட்டால் தழையுரம். இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் இதைப் பல தானிய விதைப்பு என்பார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்குகிற விதை நம் டப்பாக்களின் அடியில் கிடக்கிறது.

மணம் போன மசாலா

முழு மிளகு வருஷக்கணக்கில் தாங்கும், தூள் சில மாதம்தான். மிளகில் மணம் ஆவியாகிப் போகிற எண்ணெயில் இருக்கிறது, காரம் ஆவியாகாத பொருளில். அதனால்தான் பழைய மிளகுத்தூள் மணக்காது, ஆனாலும் தொண்டையைப் பிடிக்கும். மிளகாய்த்தூளும் அப்படியே. நிறம் வெளுத்தாலும் உறைப்பு அவ்வளவாகக் குறையாது. பூஞ்சை வாடை இல்லாதவரை இவற்றைக் காரத்துக்குப் போட்டு, மணத்துக்குக் கொஞ்சம் புதுசு இடித்துச் சேர்த்தால் போதும்.

சீரகம் பழசானால் சேச்சி வழி. கேரளத்து வீடுகளில் குடிதண்ணீரைச் சீரகமோ சுக்கோ போட்டுக் கொதிக்கவைத்துத்தான் வைப்பார்கள். ரசத்துக்கு மணம் பத்தாத சீரகம், ஒரு பானைத் தண்ணீருக்குத் தாராளமாகப் போதும். பழைய மல்லி, சுக்கு, இரண்டு ஏலத்தோல் சேர்த்து வறுத்துப் பொடித்தால் சுக்குமல்லிக் காப்பி, சாரல் சாயங்காலத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கட்டிக் காயம் கல்லாகிவிட்டால் சுத்தியலைத் தேடாமல் வெந்நீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

பழம்புளியும் குத்துவிளக்கும்

புளி கறுத்துவிட்டதே என்று கவலைப்படுகிறவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். பழம்புளி வத்தக்குழம்புக்கும் புளிக்காய்ச்சலுக்கும் நல்லது, சாம்பாரில் போட்டால்தான் நிறம் கெடும். மீன்குழம்புக்குப் போடும் குடம்புளி இன்னும் ஒரு படி மேல். புகையில் காய்ந்து, உப்பும் தேங்காய் எண்ணெயும் தடவி வைத்தது பழசாகப் பழசாக மதிப்புக் கூடும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். இரண்டு புளியும் ஒரே அலமாரியில் இருப்பது இங்கே அதிசயமில்லை.

பூச்சி அரித்து, நாரும் கொட்டையுமாகச் சாப்பாட்டுக்கு லாயக்கில்லாமல் போன புளிக்கு வேலை கொல்லைப்புறத்தில். ஒரு எலுமிச்சை அளவு எடுத்துக் கொஞ்சமாக வெந்நீர் விட்டுப் பிசையுங்கள். கரைக்க வேண்டாம், களிம்பு மருந்து பதம் போதும். கல்லுப்பு ஒரு கைப்பிடி. குத்துவிளக்கைப் பாகம் பாகமாகக் கழற்றி, முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கடலை மாவாலோ சீயக்காயாலோ எடுத்துவிடுங்கள். எண்ணெய் இருக்கும்வரை புளி பிடிக்காது. பிறகு புளியைத் தடவி ஐந்து நிமிஷம் விடுங்கள். தேங்காய் நாரால் தேய்க்கும்போது முதலில் நுரை பழுப்பாக வரும், பிறகு பச்சை கலந்து வரும். அதுதான் களிம்பு, புளியிலிருக்கும் அமிலம் அதைக் கரைக்கிறது. திடீரென்று ஒரு இடத்தில் இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள் தெரியும். அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து மற்ற இடத்தையும் அந்த நிறத்துக்குக் கொண்டுவர வேண்டியதுதான். கழுவியதும் காயும்வரை காத்திருக்காமல் துணியால் ஒற்றி, திருநீற்றாலோ சலித்த சாம்பலாலோ ஒரு துடைப்பு. தண்ணீர்ச் சொட்டு நின்றால் அந்த இடம் மறுபடி கறுக்கும். புளி தடவியபடி ராத்திரி முழுக்க ஊறப்போடாதீர்கள். ஈயம் பூசிய பாத்திரத்தின் உள்பக்கம் இந்த வேலையே வேண்டாம்.

காறிப்போன எண்ணெய்

பொரித்துக் கறுத்த எண்ணெயை நான் சொல்லவில்லை, போத்தலில் இருந்தபடியே காறிப்போன தேங்காய் எண்ணெயை, நல்லெண்ணெயைச் சொல்கிறேன். சமைக்க ஆகாது. தலைக்குத் தேய்த்தால் பக்கத்தில் உட்கார்கிறவர்கள் எழுந்து போவார்கள். முதல் வருஷம் நான் அப்படி ஒரு போத்தலைச் சாக்கடையில் கவிழ்க்கப் போனபோது அத்தை உள்ளேயிருந்து சத்தம் போட்டார்கள்: “கொட்டிராத ஏட்டி, சக்கை வெட்ட ஆவும்லா!”

சக்கை என்றால் பலா. சித்திரையில் இருந்தே மலைப்பக்கத்துப் பலா இறங்கத் தொடங்கிவிடும். வெட்டியவர்களுக்குத்தான் அந்தப் பிசின் தெரியும். கையில் பட்டால் தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையாது, எண்ணெய்க்கு மட்டும்தான் இளகும். முழங்கை வரை எண்ணெய், அரிவாளின் இரண்டு பக்கமும் எண்ணெய். குறுக்கே பிளந்ததும் வெள்ளையாகப் பால் வடியும், அதைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு நடுத்தண்டைச் செதுக்குங்கள். ஒவ்வொரு நாலு சுளைக்கும் விரலை எண்ணெயில் தொட்டுக்கொள்ளுங்கள். வெட்டி முடித்ததும் அதே எண்ணெயை அரிவாளில் தேய்த்துத் துணியால் துடைத்தால் பிசின் போகும். மேலும் ஒரு கை தடவி மாட்டினால் சாரலில் துருவும் ஏறாது. நல்ல எண்ணெயை இதற்குச் செலவழிக்க யாருக்கு மனசு வரும்?

மீதியை விளக்குக்கு ஊற்றலாம், கதவுக் கீலுக்கு விடலாம், இரும்புத் தோசைக்கல்லைச் சும்மா வைக்கும்போது தடவலாம். தோசை சுடுவதற்கு முன் மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் தோசையும் காறும். சோப்பு காய்ச்சலாம் என்பார்கள். காய்ச்சலாம், ஆனால் காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். துல்லியத் தராசும் பழகின ஆளும் பக்கத்தில் இல்லாமல் புதியவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

மாவுகள்

கம்பு மாவுதான் எல்லாவற்றிலும் முதலில் கசக்கும், கோதுமையும் கேழ்வரகும் கொஞ்சம் தாங்கும். பூஞ்சை இல்லாத மாவை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் சப்பாத்திக்கு வேண்டாம். கடலை மாவு, பயத்த மாவு என்றால் எண்ணெய்ப் பாத்திரம் தேய்க்கலாம், எண்ணெய்ச் சட்டியில் இரண்டு கரண்டி தூவித் துடைத்தால் பிசுக்கை உறிஞ்சிக்கொள்ளும்.

மைதா பழசானால் பசை. ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற நாலு கப் தண்ணீரில் ஊற்றிக் கைவிடாமல் கிண்டுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்குங்கள். நோட்டுக்கு அட்டை போட, கொலுப் படியில் காகிதம் ஒட்ட இதற்கு மேல் பசை தேவையில்லை. இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். நாள்பட வைக்கவும் பூச்சி அரிக்காமல் இருக்கவும் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவது பழைய பைண்டிங் கடை வழக்கம். அது நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் துத்தம் போடாமல் கொஞ்சமாகக் கிண்டிக்கொள்வதே நல்லது.

வளைகுடாவில் இருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுத்து, பிரித்துப் பாதியில் கட்டிப்போன பால்பவுடர் டின் இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒன்று இருக்கும். மைதாவோடு அதையும் சர்க்கரையையும் சரிபாதி போரிக் பவுடரோடு பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி சிலிண்டருக்குப் பின்னால், தொட்டிக்கு அடியில் வையுங்கள், கரப்பான் குறையும். பிள்ளைகள் கையும் நாய் வாயும் எட்டாத இடமாக இருக்க வேண்டும், உருட்டிய பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

ஜவ்வரிசிக்குக் கஞ்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசி கரையும்வரை காய்ச்சி வடிகட்டினால் பருத்திச் சேலையும் வேட்டியும் மொடமொடவென்று நிற்கும். பழைய வெள்ளை அரிசியிலும் செய்யலாம். சிவப்பரிசிக் கஞ்சியில் மட்டும் வெள்ளை வேட்டியை முக்காதீர்கள், சாயம் ஏறும். சாரல் நாளில் கஞ்சி போடவே கூடாது. காயாமல் தொங்கி மக்கல் வாடை பிடிக்கும். ஓணத்துக்கு வெயில் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கசிந்த வெல்லம்

வெல்லம் கசிந்தால் கெட்டது என்று அர்த்தமில்லை, காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்திருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, வடிகட்டி, கையில் பிசுபிசுக்கும்வரை இறுக்கிப் போத்தலில் ஊற்றிவைத்தால் பாயசத்துக்கும் காப்பிக்கும் ஆகும். புளித்த வாடை வந்துவிட்டால், அல்லது மண்ணும் எறும்புமாக இருந்தால், அதற்கும் வண்டு துளைத்த பருப்புக்கும் சேர்த்து ஒரே வேலை: ஜீவாமிர்தம் என்ற உரக்கரைசல்.

தோட்டக்காரர்கள் போடும் அளவு 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ பசுஞ்சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பருப்பு மாவு, ஒரு கைப்பிடி மண். வீட்டுத் தோட்டத்துக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். 20 லிட்டர் வாளியில் ஒரு கிலோ சாணம், ஒரு லிட்டர் கோமியம், 200 கிராம் வெல்லம், 200 கிராம் மாவு. மண்ணை மருந்து அடிக்காத மரத்தடியிலிருந்து எடுங்கள். நிழலில் வைத்துச் சாக்கால் மூடி, காலையும் மாலையும் குச்சியால் கலக்கிவிடுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே விழக் கூடாது. இரண்டு நாளில் நுரை கட்டும், சாண வாடை மாறிப் புளித்த வாடை வரும். ஒரு வாரத்துக்குள் செடிகளின் தூரில் ஊற்றித் தீர்த்துவிடுங்கள். மூடியை இறுக்கி வைத்தால் வாயு சேர்ந்து வாளியே வெடிக்கும், சாக்குதான் சரி.

சில்லறைச் சாமான்கள்

தேன் உறைந்தால் போத்தலை வெந்நீரில் நிறுத்துங்கள், உருகிவிடும். உப்பு எத்தனை தண்ணீர் விட்டாலும் உப்புதான், சட்டியில் வறட்டிக்கொள்ளலாம். ஆப்பசோடா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள், பொங்கினால் சமையலுக்கு, பொங்காவிட்டால் தொட்டி தேய்க்க. ஈஸ்ட் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் பத்து நிமிஷத்தில் நுரைக்க வேண்டும். நுரைக்கவில்லையென்றால் ஆப்பத்தில் போட்டு மாவையும் வீணாக்காதீர்கள். காப்பித்தூள் மணம் போனால் வாடை எடுக்க ஒரு கிண்ணத்தில் ஃப்ரிட்ஜுக்குள், அப்புறம் உரக்குழிக்கு. கேரளப் பப்படம் சிவந்துவிட்டால் காறல் அடித்துக் கசக்கும், பொரித்துப் பார்த்து எண்ணெயைச் செலவழிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்வது. ‘இது எதுக்காவது ஆகும்’ என்று எடுத்துவைத்த பொருளுக்கு ஒரு வாரத்துக்குள் வேலை வரவில்லையென்றால் அது அரங்கில் இருந்து கொல்லைக்கு இடம் மாறிய குப்பைதான். 200 கிராம் பழைய வெந்தயத்தைத் தீர்க்க முந்நூறு ரூபாய்க்கு வேறு சாமான் வாங்க வேண்டியிருந்தாலும் அப்படியே. அதைப் பேசாமல் உரக்குழியில் போடுங்கள். பலா எண்ணெய்ப் போத்தல் ஒன்றுக்கு மட்டும் எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க இடம் உண்டு.

டப்பாக்களைத் திரும்ப அடுக்கும்போது பழசை முன்னாலும் புதுசைப் பின்னாலும் வையுங்கள். மூடியின் மேல் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள், அந்த மைதாப் பசை இருக்கிறதே. ஆனி பிறந்துவிட்டால் ரவை அரை கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள், கம்பு மாவைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரைத்துக்கொள்ளுங்கள், ஈரக் கரண்டியை எந்தச் சம்படத்துக்குள்ளும் விடாதீர்கள்.